ஒரு பாதை, ஒரு விமானம்: மும்பை ஓடுபாதையும் கட்டுப்பாட்டுத் தவறுகளும்

காட்கோபரில் குடியிருப்பவர்களுக்கு விமானம் பார்க்க விமான நிலையம் வரை போக வேண்டிய அவசியமில்லை. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் முதல் நாள் பால்கனியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு தாழவா போகும்?" என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் அவர்களும் நம்மைப் போலவே, சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அப்படி நமக்குப் பழகிப்போன ஒன்றைப் பற்றி இந்த மலரில் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று தோன்றியது. அந்த விமானங்களை யார் வரிசைப்படுத்துகிறார்கள், அவர்கள் கை தவறினால் என்ன ஆகும், தவறினாலும் விபத்தாகாமல் இருக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையெல்லாம் நம் தலைக்கு மேலே போகிற விஷயம் என்று விட்டுவிட முடியாது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். மும்பை விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டு. பெரியது கிழக்கு மேற்காக, சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம். அதன் பெயர் 09/27. ஓடுபாதைக்கு வைக்கும் எண், திசைகாட்டியின் பாகையில் கடைசிச் சுழியை நீக்கிய எண், அவ்வளவுதான். 270 பாகை நேர் மேற்கு; ஆகவே மேற்கு பார்த்து இறங்கினால் அந்தப் பாதை 27. அதே பாதையில் கிழக்கு பார்த்து இறங்கினால் 09. இரண்டாவது பாதை 14/32. அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது, நீளமும் சற்றுக் குறைவு. இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சென்னை மீனம்பாக்கத்திலும் இதே கதைதான். வெட்டிக்கொள்ளும் பாதைகள் இரண்டிலும் ஒரே சமயத்தில் இஷ்டத்துக்கு விமானம் விட முடியாது. எனவே பாதை இரண்டு இருந்தும் மும்பை நடைமுறையில் ஒற்றைப் பாதை நிலையம்தான்.

விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். மும்பையில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசுவதால் 27தான் அதிகம் பயன்படுகிறது. அதாவது விமானங்கள் கிழக்கிலிருந்து வந்து, காட்கோபரைத் தாண்டி, குர்லா ஜரிமரியை ஒட்டிப் பாதையின் வாயிலுக்குள் நுழைகின்றன.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறங்க வரும் சாதாரண ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். வினாடிக்கு 72 மீட்டர். காட்கோபர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து 27இன் வாயில் சுமார் இரண்டரை கிலோமீட்டர். மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஸ்டேஷனுக்கு நேரே வரும்போது 500 அடி உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து சக்கரம் தரையைத் தொட ஆகும் நேரம் நாற்பது வினாடி. மறுபக்கம், பாதையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு விமானம் ஓடத் தொடங்கி மேலெழும்பவும் முப்பத்தைந்து, நாற்பது வினாடி பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நம் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு விமானம் வரும்போது, அதற்கு முன்னால் புறப்பட வேண்டியது ஓடிக்கொண்டாவது இருக்க வேண்டும். இன்னும் நின்றுகொண்டிருந்தால் வருவதை இறங்கவிடக் கூடாது, மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும்.

2024 ஜூன் 8, சனிக்கிழமை நடந்தது இந்தக் கணக்கு சம்பந்தப்பட்டதுதான். இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் 27இல் இறங்கியது. அதே நேரத்தில் அதே பாதையில் திருவனந்தபுரம் போகும் ஏர் இந்தியா விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தது தரையைத் தொட்டபோது முன்னால் இருந்தது பாதையை விட்டு முழுமையாகப் போய்விடவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் யாரோ எடுத்த வீடியோ நாடெங்கும் பரவியது. டவர் கொடுத்த அனுமதிப்படி இறங்கினோம் என்று ஒரு கம்பெனியும், டவர் கொடுத்த அனுமதிப்படி புறப்பட்டோம் என்று மற்றதும் சொல்லின. டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்.

சர்வதேச விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. முன்னால் புறப்படும் விமானம் பாதையின் மறுகோடியைக் கடந்திருக்க வேண்டும், அல்லது திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அதன்பிறகுதான் பின்னால் வருவது வாயிலைத் தாண்டலாம். பகல் வெளிச்சமும் நல்ல பார்வைத் தூரமும் இருந்தால் சில நிலையங்களில் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. அப்போதும் முன்னது தரையை விட்டு எழும்பி, குறிப்பிட்ட தூரம் போயிருக்க வேண்டும்.

டவரில் என்ன நடக்கிறது

மும்பையின் தற்போதைய கட்டுப்பாட்டுக் கோபுரம் 2013இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 84 மீட்டர் உயரம். அதன் உச்சியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் ஊழியர்கள். ஒருவரே எல்லா விமானத்தையும் பார்ப்பதில்லை. கிளம்புகிற விமானத்துக்கு வழித்தட அனுமதி கொடுப்பவர் ஒருவர். நிறுத்துமிடத்திலிருந்து பாதை வரை தரையில் ஓட்டி வருவதைக் கவனிப்பவர் இன்னொருவர். ஓடுபாதையை வைத்திருப்பவர் மூன்றாமவர், அவரைத்தான் 'டவர்' என்பார்கள். ஆகாயத்தில் வந்துகொண்டிருப்பவற்றை ரேடாரில் பார்த்து வரிசை கட்டுபவர்கள் வேறு அறையில் இருக்கிறார்கள். ஒரு விமானம் கையிலிருந்து கைக்கு மாறி மாறித்தான் போகிறது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறபோது, இலை போடுகிறவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு, அடுத்த பந்திக்கு ஆளை உள்ளே விடுகிறவர் வேறு என்று இருப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே விடுகிறவருக்கு இலை எடுத்தாகிவிட்டதா என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

டவர் வைத்திருப்பவரின் ஆயுதங்கள் மிக எளியவை. கண், மைக், முன்னால் வரிசையாக வைத்திருக்கும் விமானச் சீட்டுகள். இப்போது பல இடங்களில் சீட்டு திரைக்கு மாறிவிட்டது, தரை ரேடாரும் இருக்கிறது. ஆனாலும் பாதை காலியா இல்லையா என்ற முடிவு ஒரு மனிதரின் மனத்தில்தான் எடுக்கப்படுகிறது. அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். விமானி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதை இவர் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரே அலைவரிசையில் எல்லா விமானமும் இருப்பதால் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இரண்டுமே கேட்காது.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ரயிலில் ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருந்தால், ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாலும் இன்னொரு வண்டிக்குப் பச்சை கொடுக்க முடியாதபடி இண்டர்லாக்கிங் என்ற பூட்டு உண்டு. தண்டவாளத்திலேயே மின்சாரம் ஓடி, வண்டி நிற்பதைத் தானே சொல்லிவிடும். அது போதாதென்று, பழைய லீவர் கேபின்களில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். ஒரு லைனில் வண்டி நிற்கிறது என்றால் அந்த லைனின் லீவரில் வளையத்தை மாட்டிவிடுவார்கள். கேபின்காரர் பேச்சுவாக்கில் மறந்துபோய் லீவரைப் பிடித்தால் கையில் வளையம் தட்டுப்படும். அவ்வளவு சாதாரணமான பொருள்தான், ஆனால் அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ரயில்வே பூட்டும் மனிதர் கை வைத்தால் கெடும் என்பதற்கு 2023 ஜூன் 2 அன்று ஒடிசா பாலசோரில் 290 பேருக்கு மேல் இறந்ததே சாட்சி. இருந்தாலும் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. ஓடுபாதைக்கு அப்படிப்பட்ட பூட்டு கிடையாது. டவர் 'இறங்கலாம்' என்று சொன்னால், பாதையில் ஆள் நின்றாலும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

மறதி ஒரு நோய் இல்லை

கட்டுப்பாட்டாளர் மறப்பது என்பது எப்படி நடக்கும் என்பதற்கு, என் பார்வையில், லாஸ் ஏஞ்சல்ஸில் 1991 பிப்ரவரி 1 மாலை நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. டவரில் இருந்த பெண் கட்டுப்பாட்டாளர் ஒரு சிறிய ஸ்கைவெஸ்ட் விமானத்தைப் பாதையில் போய்க் காத்திருக்கச் சொன்னார். அதற்குள் வேறொரு சிறிய விமானத்தின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேறொரு விமானத்தோடு ரேடியோ தொடர்பும் சிக்கலானது. அந்தச் சில நிமிடக் கவனச் சிதறலில், பாதையில் நிற்கும் விமானம் அவர் மனத்திலிருந்து நழுவிவிட்டது. இறங்க வந்த யு.எஸ். ஏர் போயிங்குக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அது நின்றுகொண்டிருந்ததன் மேலேயே இறங்கியது. 35 பேர் இறந்தார்கள். இருட்டில், பாதையின் நடு விளக்குகளோடு சிறிய விமானத்தின் விளக்கும் கலந்துபோயிருந்ததால் மேலிருந்த விமானிக்கும் தெரியவில்லை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விசாரணையின் முடிவை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தப் பெண்ணை முதல் குற்றவாளியாக எழுதவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ளும்படியான ஏற்பாட்டை அந்த டவர் நிர்வாகம் செய்யவில்லை, அதை மேற்பார்த்திருக்க வேண்டிய அரசுத் துறையும் பார்க்கவில்லை என்று எழுதியது. தவறியவர் இருக்கிறார் என்பதை யாரும் மறைக்கவில்லை. அவர் தவறுவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றார்கள். லீவரில் மாட்டும் வளையம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள் என்று என் மொழியில் சொல்லலாம்.

நம் நாட்டில் இப்படி ஏதாவது நடந்தால் முதலில் வரும் செய்தி, இன்னார் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார் என்பதுதான். விசாரணை முடியும்வரை ஒருவரை மைக்கிலிருந்து தள்ளி வைப்பதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. படிக்கிறவர்களுக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். அடுத்த நாள் அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து, அதே எண்ணிக்கை விமானத்தை, அதே இடைவெளியில்தான் பார்க்கப் போகிறார்.

எண்ணிக்கையைச் சொன்னேன் அல்லவா, அதையும் பார்ப்போம். மும்பை 2018 ஜூன் மாதம் ஒரே நாளில் 1,003 விமானங்களைக் கையாண்டது. அப்போது பத்திரிகைகளெல்லாம் சாதனை என்று எழுதின. நானும் பெருமைப்பட்டவன்தான். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்துப் பார்த்தால், இரவும் பகலும் சேர்த்து, 86 வினாடிக்கு ஒரு விமானம். நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 வரை போனது, அதாவது 78 வினாடிக்கு ஒன்று. 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதை 44 ஆகவும், மற்ற நேரங்களில் 44லிருந்து 42 ஆகவும் குறைக்கச் சொன்னது. விமானங்கள் இறங்க இடமில்லாமல் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் வானத்தில் சுற்றி எரிபொருளை வீணாக்கின என்பதும் அதற்கு ஒரு காரணம். 46லிருந்து 44 என்றால் ஒரு விமானத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது நாலு வினாடி. நாம் மேலே பார்த்த ஜூன் சம்பவம் இந்தக் குறைப்புக்கு நாலு மாதம் கழித்து நடந்தது.

உலகம் கற்ற பாடங்கள்

விமானத் துறையில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விபத்திலிருந்தும் ஒரு சொல்லையோ ஒரு கருவியையோ எடுத்துக்கொள்வார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில், பனிமூட்டத்தில், கே.எல்.எம்., பான் ஆம் என்ற இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். விமானத் துறை வரலாற்றில் மிகப் பெரிய விபத்து அதுவே. கே.எல்.எம். விமானி அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து ஓட்டத் தொடங்கிவிட்டார். 'கொஞ்சம் இரு' என்ற டவரின் சொல்லும், 'நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான் ஆமின் சொல்லும் ஒரே நொடியில் வந்து, ஒன்றையொன்று அழுத்தி, வெறும் கீச்சுச் சத்தமாகக் கேட்டன. அதன்பின், 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்று விதி செய்தார்கள்.

நம் நாட்டு உதாரணம் 1996 நவம்பர் 12. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி கிராமத்துக்கு மேலே, தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போவும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் வானத்திலேயே மோதிக்கொண்டன. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே கட்டுப்பாட்டாளர் சரியான உயரத்தைத்தான் சொல்லியிருந்தார், கஜக் விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு, எதிரே விமானம் வந்தால் விமானிக்குத் தானே எச்சரிக்கை தரும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் கருவி தரைக்கு அருகே, ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே, 'ஏறு, இறங்கு' என்ற கட்டளையைத் தராது. காட்கோபர் ஸ்டேஷனுக்கு மேலே வரும்போது 500 அடி என்று பார்த்தோம். ஆக, நம் தலைக்கு மேலே வந்துவிட்டால் அந்தத் துணையும் இல்லை.

ஜப்பானில் 2024 ஜனவரி 2 அன்று ஹனேடாவில் நடந்தது அண்மையது. நிலநடுக்க நிவாரணப் பொருள் எடுத்துப் போகவிருந்த கடலோரக் காவல் படையின் சிறிய விமானத்திடம், புறப்பாட்டு வரிசையில் 'நீங்கள் நம்பர் ஒன்' என்று டவர் சொன்னது. பாதைக்கு வெளியே காத்திருக்கும்படியும் சொன்னது. சிறிய விமானம் உள்ளே போய் நின்றுவிட்டது, நாற்பது வினாடிக்கு மேல் நின்றது என்கிறார்கள். டவர் திரையில் பாதையின் நிறம் மாறி எச்சரிக்கை தெரிந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒலி எழுப்பும் வசதி அப்போது இல்லை. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதி முழுவதும் எரிந்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். கைப்பையைத் தேடாமல் இறங்கியது அதற்குப் பெரிய காரணம். (நம் தாதர் எக்ஸ்பிரஸ் பழக்கத்தில், வண்டி நிற்கும் முன்பே மேலே இருக்கும் பெட்டியை இழுப்பவர்கள் இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.) சில நாட்களிலேயே அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாக ஒருவரை உட்கார வைத்தார்கள். 'நம்பர் ஒன்' என்று சொல்வதையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள்.

பிடித்துக்கொள்ளும் இரண்டாவது கை சில நேரம் விமானியுடையதாகவும் இருக்கும். தில்லியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று அகமதாபாத்திலிருந்து வந்து இறங்கிய விஸ்தாரா விமானத்தைப் பக்கத்துப் பாதையைக் கடந்து போகச் சொன்ன டவர், அதே பாதையில் பாக்டோக்ரா போகும் இன்னொரு விஸ்தாராவுக்குப் புறப்பட அனுமதியும் கொடுத்துவிட்டது. கடக்கவிருந்த விமானத்தின் பெண் விமானி அதைக் கவனித்து உடனே டவரை எச்சரித்தார். ஓடத் தொடங்கியது நிறுத்தப்பட்டது. நம் மும்பையிலும் 2009 பிப்ரவரி 9 அன்று, ஜனாதிபதி பிரதிபா பாட்டிலின் பயண அணியைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஓடுபாதையில் இருப்பதைப் பார்த்து, தில்லிக்குப் புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தின் விமானி பிரேக் போட்டு நிறுத்தினார்.

விமானியும் தவறுவார், அப்போது டவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் திருச்சி நினைவிருக்கிறதா? 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய் போகும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மேலெழும்பும்போது திருச்சி விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு போனது. இடித்திருக்கலாம் என்று கீழிருந்து சொன்னார்கள். மேலே எல்லாம் சரியாக இருப்பதாகப் பதில் வந்தது. அரபிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த அந்த விமானத்தைக் கடைசியில் திருப்பி இறக்கிய இடம் நம் மும்பைதான். வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 136 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். பாதையையே மாற்றி இறங்கிய கதையும் மும்பைக்கு உண்டு. 1953இல் ஒரு பி.ஓ.ஏ.சி. காமெட் விமானமும், 1972 செப்டம்பர் 24 அன்று ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.8 விமானமும், சாந்தாகுரூஸ் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த குட்டையான ஜுஹூ பாதையில் இறங்கிவிட்டன. காமெட் சில நாளில் திரும்பிப் பறந்துபோனது. டி.சி.8 பாதையைத் தாண்டி ஓடிப் பயனற்றுப் போனது. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை.

கீழே இருப்பவர்கள் கதை வேறு. 2018 ஜூன் 28 மதியம், ஜுஹூவில் இறங்க வந்த ஒரு கிங் ஏர் சி-90 சோதனை விமானம் காட்கோபர் மேற்கில் ஜாக்ருதி நகர் அருகே கட்டிக்கொண்டிருந்த ஒரு பில்டிங்கில் விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும், தரையில் போய்க்கொண்டிருந்த ஒருவரும் இறந்தார்கள். கட்டிடத் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள் என்று அப்போது பேசிக்கொண்டோம். அது கட்டுப்பாட்டுத் தவறு சம்பந்தப்பட்ட விபத்து அல்ல. ஆனால் நாம் எதற்குக் கீழே குடியிருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் பலர் யோசித்தார்கள். விமானப் பாதையில் அளவுக்கு மேல் உயர்ந்த 48 கட்டிடங்களின் மேல் பகுதிகளை இடிக்கும்படி 2022 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பில்டர் கொடுக்கும் வண்ணப் படத்தைப் பார்த்து பிளாட் வாங்குகிறவர்கள், எந்த மாடி வரை விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று இருக்கிறது என்று கேட்டு வாங்குவது நல்லது.

பயணிகளாக நாம் பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறோம், காட்கோபர் கண்ணுக்குத் தெரிகிறது, திடீரென்று எஞ்சின் உறுமி விமானம் மறுபடி மேலே ஏறுகிறது. உள்ளே சிலர் முருகா முருகா என்பார்கள், சிலர் விமானியைத் திட்டுவார்கள். 'கோ அரவுண்ட்' என்ற இந்தக் காரியம் அபாயமே அல்ல. முன்னால் இருப்பது இன்னும் பாதையை விட்டுப் போகவில்லை, அதனால் சுற்றி வருகிறோம் என்று அர்த்தம். பதினைந்து, இருபது நிமிடம் தாமதமாகும். ஜூன் 8 அன்று மும்பையில் எழுந்த கேள்வியே, இண்டிகோவை இப்படி ஏன் மேலே ஏற்றவில்லை என்பதுதான். ஒவ்வொரு கோ அரவுண்டுக்கும் வரிசை குலையும், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் தள்ளிப்போவார்கள், மணிக்கு இத்தனை என்ற கணக்கு இடிக்கும். அந்தக் கணக்கு கட்டுப்பாட்டாளரின் தோளில் உட்கார்ந்திருக்கும்போது, நாற்பது வினாடிக்குள் 'போ, சுற்றி வா' என்று சொல்ல எவ்வளவு மனத்தெம்பு வேண்டும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. தவறு நடக்கப் போய்த் தப்பித்த கதையைத் தண்டனைப் பயமின்றி எழுதிக் கொடுக்க அமெரிக்காவில் நாசா நிறுவனம் 1976 முதல் ஒரு முறையை நடத்துகிறது. விமானியும் எழுதலாம், கட்டுப்பாட்டாளரும் எழுதலாம். பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் தருவார்கள். வீடியோ எடுக்க ஆள் இல்லாத நாட்களில் நடப்பது அப்படித்தான் வெளியே வரும்.

2025 அக்டோபர் 8 அன்று நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பட்டு, அந்த டிசம்பர் 25 முதல் பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின. சாந்தாகுரூஸின் நெரிசலை இது காலப்போக்கில் குறைக்கலாம். அங்கேயும் டவர் வேண்டும், டவருக்கு ஆள் வேண்டும். 2025 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு விமானப் பாதுகாப்பைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்களுடைய களைப்பையும் சுட்டிக்காட்டியது. ஒரு நிலையத்தில் தேர்ந்தவர்கூட இன்னொரு நிலையத்துக்கு மாறினால் அங்கே மறுபடி பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதித் தேறிய பிறகே தனியாக மைக்கைப் பிடிக்கலாம்.

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பௌதிகமும் கணிதமும் சேர்த்துப் பட்டம் பெற்றவர்களும், பொறியியல் படிப்பில் இவ்விரண்டையும் பாடமாக எடுத்தவர்களும் இந்த வேலைக்கு விமான நிலையங்கள் ஆணையம் நடத்தும் தேர்வை எழுதலாம். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 27. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குக் குரல் சோதனையும் மனநலச் சோதனையும் உண்டு. பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா ஆகிய இடங்களில் நடக்கிறது. தமிழ், இந்தி, மராத்தி என்று மூன்று மொழி காதில் விழ வளர்ந்த மும்பைப் பிள்ளைகளுக்கு, பல உச்சரிப்பு ஆங்கிலத்தைப் பிரித்துக் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இராது என்பது என் நம்பிக்கை.